பதற்ற மாத்திரையைக் குறைப்பது எப்படி? கடலூர், புதுச்சேரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கடலூரில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மருந்தாளுநர். அல்பிரசோலம், குளோனசெபம், லோராசெபம், டயசெபம் போன்ற மாத்திரைகளை வருடக்கணக்கில் எடுப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் கவுண்டரில் குரலைத் தாழ்த்திக் கேட்கிற கேள்விகள்தான் இவை. படித்துவிட்டு நீங்களாக அளவை மாற்றிவிடாதீர்கள். அது டாக்டரோடு சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. அவரிடம் என்ன கேட்பது, வீட்டில் எதைக் கவனிப்பது என்பதற்கு இந்தப் பக்கம் உதவும்.

நான் சாப்பிடுவது இந்த வகை மாத்திரைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒருவர் "டென்ஷன் மாத்திரை" என்பார், இன்னொருவர் "நரம்பு மாத்திரை", "தூக்க மாத்திரை" என்பார். பெயரை நம்ப வேண்டாம், அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து. அல்பிரசோலம், எட்டிசோலம், குளோர்டயசெபாக்சைடு, குளோபாசம், நைட்ராசெபம், அல்லது செபம் என்று முடிகிற பெயர் இருந்தால் இந்தக் குடும்பம். (பான்டபிரசோல் இதில் சேராது, அது வயிற்று மாத்திரை.) சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை வேறு குடும்பம் என்றாலும், மூளையில் இதே இடத்தில்தான் வேலை செய்கிறது. அதையும் திடீரென்று விடக்கூடாது.

நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. இங்கே கூட்டு மாத்திரைகள் ஏராளம். எஸ்சிட்டலோபிராமும் குளோனசெபமும் ஒரே மாத்திரையில் வரும். புரோப்ரனலாலோடு அல்பிரசோலமோ எட்டிசோலமோ சேர்ந்து வரும். அமிட்ரிப்டிலினோடு குளோர்டயசெபாக்சைடு வரும். வயிற்று வலிக்கு என்று கொடுக்கிற ஒரு மாத்திரையில்கூட கிளிடினியத்தோடு குளோர்டயசெபாக்சைடு இருக்கிறது. "எனக்கு கேஸ் பிரச்சனை மட்டும்தான்" என்று சொல்பவர் பல வருடமாக இதைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார், அவருக்கே தெரியாது.

கூட்டு மாத்திரையைப் பாதியாக உடைத்தால் இரண்டு மருந்தும் பாதியாகும். எஸ்சிட்டலோபிராம் குறைந்தால் தலைசுற்றல், எரிச்சல், அழுகை என்று அதற்கென்று தனி அவஸ்தை வரும். புரோப்ரனலாலைச் சட்டென்று விட்டால் நெஞ்சு தடதடவென்று அடிக்கும், இதயநோய் உள்ளவர்களுக்கு அது ஆபத்து. எது எதனால் வந்தது என்று டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். அதனால் கூட்டு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது இது: "சார், இந்த ரெண்டையும் தனித்தனி மாத்திரையா எழுதித் தர முடியுமா?" பிரித்த பிறகு ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதைக் குறைக்கலாம். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமலேயே குறைக்க ஆரம்பித்து அல்லாடுகிறவர்கள்தான் நான் பார்ப்பவர்களில் அதிகம்.

வருடக்கணக்காகச் சாப்பிடுகிறேன். அப்படியென்றால் நான் அடிமையா?

டாக்டர் எழுதிய அளவை, எழுதிய நேரத்தில், எழுதியபடி சாப்பிட்டவரை அடிமை என்று சொல்வது நியாயம் இல்லை. உடம்பு மருந்துக்குப் பழகியிருக்கிறது, அவ்வளவுதான். மூளையில் காபா என்ற இயற்கையான பிரேக் ஒன்று உண்டு. இந்த மாத்திரை அந்த பிரேக்கை அழுத்திக்கொடுக்கிறது. தினமும் வெளியிலிருந்து யாரோ அழுத்தினால் மூளை தன் சொந்த பிரேக்கைத் தளர்த்திக்கொள்ளும். தினசரி எடுத்தால் சில வாரங்களிலேயே இது நடக்கலாம். அதனால்தான் இந்த வகை மருந்தை 2 முதல் 4 வாரத்துக்கு மேல் தொடர வேண்டாம் என்று பல நாட்டு வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2020-ல் இந்தக் குடும்பம் முழுவதற்கும் எச்சரிக்கை வாசகத்தைக் கடுமையாக்கியது.

அளவைத் தானாகக் கூட்டுவது, இரண்டு டாக்டரிடம் இரண்டு சீட்டு வாங்குவது, போதைக்காக எடுப்பது, இவை வேறு விஷயம். அப்படி இருந்தால் அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். குறைக்கும் முறை அதற்கேற்ப மாறும்.

நாளையிலிருந்தே நிறுத்திவிட்டால் என்ன?

கூடாது. வலிப்பு வரலாம். இதற்கு முன் வலிப்பே வராதவருக்கும் வரலாம். சிலருக்கு மனம் குழம்பி, இல்லாதது தெரிவதும் கேட்பதும் உண்டு. மனவலிமைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. "ரெண்டு நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டா போதும்" என்று சொல்கிற உறவினர் எந்த வீட்டிலும் ஒருவர் இருப்பார். சிகரெட்டுக்கு அவர் சொல்வது பொருந்தலாம், இதற்குப் பொருந்தாது.

அல்பிரசோலம் உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேறும். அதன் பாதி போவதற்கு ஏறக்குறைய 11 மணி நேரம் போதும். அதனால் நிறுத்திய மறுநாளே, அல்லது அதற்கடுத்த நாள், அவஸ்தை தொடங்கிவிடும். குளோனசெபம் பாதியாக 30, 40 மணி நேரம் ஆகும். டயசெபம் இன்னும் மெதுவாகப் போகும். இவற்றை நிறுத்தினால் முதல் சில நாள் ஒன்றும் தெரியாது. "பாத்தியா, நிறுத்திட்டேன், ஒண்ணும் ஆகலை" என்று சந்தோஷப்பட்டிருக்கும்போது, ஒரு வாரம் கழித்து வரும். ஏற்கெனவே நிறுத்திவிட்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால் இன்றே டாக்டரைப் பாருங்கள். வலிப்பு, பேச்சில் குழப்பம், கடும் காய்ச்சலோடு நடுக்கம் என்றால் 108.

எவ்வளவு வேகத்தில் குறைக்க வேண்டும்?

அமெரிக்காவில் பல மருத்துவ அமைப்புகள் கூடி 2025-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, முதல் குறைப்பு 5 முதல் 10 சதவீதம். அடுத்த குறைப்புக்கு 2 முதல் 4 வாரம் இடைவெளி. எப்படிப் பார்த்தாலும் இரண்டு வாரத்துக்கு 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பல வருடம் எடுத்தவர்களுக்கு மொத்தம் ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். "ஒரு மாசத்துல முடிச்சிடலாமா?" என்று கேட்பவர்களிடம் நான் காலண்டரைக் காட்டி, அடுத்த பொங்கலை யோசியுங்கள் என்பேன்.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். ஒருவர் அல்பிரசோலம் காலை 0.5 மி.கி., இரவு 0.5 மி.கி. எடுக்கிறார். ஒரு நாளைக்கு 1 மி.கி. பத்து சதவீதம் என்றால் 0.1. அந்த அளவுக்கு மாத்திரை கிடையாது. கடையில் சாதாரணமாகக் கிடைப்பதில் சிறியது 0.25. அதை நான்காக வெட்டினால் ஒரு துண்டு 0.0625, அதாவது மொத்தத்தில் 6 சதவீதம் சொச்சம். ஆகவே டாக்டர் காலைக்கு இரண்டு 0.25 மாத்திரையில், ஒன்றிலிருந்து ஒரு கால் துண்டை மட்டும் ஒதுக்கிவிட்டு மீதி முழுவதையும் சாப்பிடச் சொல்லலாம். இரவு மாத்திரை அப்படியே இருக்கும். இரண்டு மூன்று வாரம் கழித்து நிலைமை சமாதானமாக இருந்தால் அடுத்த கால் துண்டையும் ஒதுக்கலாம்.

இதே கால் துண்டு கடைசியில் என்ன ஆகிறது என்று பாருங்கள். நாளுக்கு 0.25 மட்டும் எடுக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டீர்கள். இப்போது அதே துண்டைக் கழித்தால் குறைவது 25 சதவீதம். துண்டு அதேதான், அடிதான் நாலு மடங்கு பெரிது. "பாதி வழி ஈஸியா வந்துட்டேன், கடைசியிலதான் முடியலை" என்று பலரும் சொல்வதற்கு முக்கியமான காரணம் இந்தக் கணக்குதான், பயம் மட்டும் அல்ல. அந்தக் கட்டத்தில் இடைவெளியை நீட்டலாம். அல்லது மெதுவாக வெளியேறும் டயசெபத்துக்கு மாற்றி, அதைக் குறைக்கலாம். மாற்றும்போது எவ்வளவுக்கு எவ்வளவு என்பதில் பட்டியலுக்குப் பட்டியல் வித்தியாசம் உண்டு. 0.5 மி.கி. அல்பிரசோலத்துக்கு 10 மி.கி. டயசெபம் என்று ஒன்று சொல்லும், அதில் பாதி போதும் என்று இன்னொன்று சொல்லும். செல்போனில் பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடாது என்பது இதனால்தான். வயதானவர்களுக்கும் கல்லீரல் கெட்டவர்களுக்கும் டயசெபம் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும், அவர்களுக்கு அந்த வழி பெரும்பாலும் சரிப்படாது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டால் குறைந்துவிடாதா?

நிறையப் பேர் தாங்களாகக் கண்டுபிடிக்கிற வழி இது. வேண்டாம். மாத்திரை போட்ட நாள் அளவு ஏறும், போடாத நாள் இறங்கும். மூளைக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை சின்னதாக ஒரு திடீர் நிறுத்தம். தினமும், அதே நேரத்தில், கொஞ்சம் குறைவாக என்பதுதான் முறை.

மாத்திரையை எப்படி வெட்டுவது?

முதலில் அட்டையில் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர். என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வெட்டவே கூடாது. மெதுவாகக் கரைய வேண்டிய மருந்து முழுக்க ஒரேயடியாக இறங்கிவிடும். சாதாரண மாத்திரைக்கு மாற்றி எழுதி வாங்குங்கள். வாயில் கரைகிற வகை, வெட்டினால் தூளாகிவிடும்.

சாதாரண மாத்திரை என்றால் மாத்திரை வெட்டும் சின்ன டப்பா கடைகளில் கிடைக்கிறது. காய்கறிக் கத்தியால் வெட்டினால் ஒரு துண்டு அடுப்படிக்குக் கீழே போய்விடும், மற்றது பொடியாகும். காய்ந்த கையோடு வெட்டுங்கள். வெட்டிய துண்டுகளை அன்றோ மறுநாளோ தீர்த்துவிடுங்கள். ஒரு மாதத்துக்கும் சேர்த்து வெட்டி வைத்தால் கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் நமத்துப்போகும். துண்டுகள் துல்லியமாகச் சமமாக இருக்காது, ஒன்று கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம், ஒரே மாத்திரையின் துண்டுகளை அடுத்தடுத்து எடுத்தால் சரியாகிவிடும்.

குறைத்ததும் படபடப்பு திரும்ப வருகிறது. பழைய நோய் திரும்பிவிட்டதா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். குறைத்த சில நாளில் தொடங்கி, ஒன்றிரண்டு வாரத்தில் மெல்ல அடங்கினால் அது பெரும்பாலும் மருந்து விலகும்போது வருகிற அவஸ்தை. முன்பு உங்களுக்கு இல்லாத புதுத் தொந்தரவுகள் வந்தாலும் அப்படித்தான்: காதில் ரீங்காரம், குக்கர் விசில் தலைக்குள் அடிப்பது போல இருப்பது, டியூப்லைட் வெளிச்சம் கண்ணை உறுத்துவது, தசை துடிப்பது, தோலில் ஊர்வது போன்ற உணர்வு, சுற்றி நடப்பதெல்லாம் கனவு மாதிரி தோன்றுவது. பழைய பயம், பழைய கவலைகளோடு மெதுவாக வளர்ந்து, வாரங்கள் ஆகியும் குறையாமல் இருந்தால் நோய் திரும்புவதாகச் சந்தேகப்படலாம்.

ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, போட்ட அளவு, தூங்கிய நேரம், அன்று எப்படி இருந்தது என்று ஒரு வரி. டாக்டருக்கு உங்கள் அரைமணி நேரப் பேச்சைவிட இந்த ஒரு பக்கம் அதிகம் சொல்லும், அதுவும் ஜி.எச். கூட்டத்தில். அவஸ்தை தாங்க முடியவில்லை என்றால் அதே அளவில் இன்னும் சில வாரம் நில்லுங்கள். சில சமயம் டாக்டர் ஒரு படி பின்வாங்கி, முந்தைய அளவுக்கே போகச் சொல்வார். அது தோல்வி இல்லை.

தூக்கம்தான் பிரச்சனை. தூங்காமல் எப்படி இருப்பது?

குறைத்த பிறகு சில இரவுகள் கெட்டுப்போகும், அதை எதிர்பார்த்தே இறங்குங்கள். தூக்கத்துக்கென்றே உள்ள நடத்தைசார் சிகிச்சைக்கு நல்ல பலன் உண்டு. அதன் சாரம் எளிது: எந்த நேரத்தில் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வராவிட்டால் படுக்கையில் புரளாமல் எழுந்து வேறு அறைக்குப் போவது, பகலில் நீட்டி நிமிர்ந்து படுக்காமல் இருப்பது. மத்தியானத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம். சிப்காட்டிலோ நெய்வேலியிலோ ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு இது கஷ்டம்தான். நைட் ஷிப்ட் வாரத்தில் அளவைக் குறைக்க ஆரம்பிக்காதீர்கள், பகல் ஷிப்ட் வரும்வரை பொறுக்கலாம். இயந்திரத்தில் நிற்பவர்கள், வண்டி ஓட்டுபவர்கள் ஒவ்வொரு குறைப்புக்குப் பிறகும் முதல் சில நாள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

பாண்டிக்குப் போனால் எப்போதாவது இரண்டு பீர். அதனால் என்ன?

கடலூர்க்காரர்கள் புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடை தாண்டிப் போவது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை, அதனால் வெளிப்படையாகவே பேசுவோம். மதுவும் இந்த மாத்திரையும் மூளையில் ஏறக்குறைய ஒரே இடத்தில் வேலை செய்கின்றன. சேர்ந்தால் மூச்சே மந்தமாகலாம். தூக்கத்தில் வாந்தி புரையேறி உயிர் போவதும் உண்டு. மாத்திரையைக் குறைக்கும்போது வருகிற பதற்றத்துக்குக் குடியை மருந்தாக்கிக்கொள்வது இன்னொரு வழுக்கல். ஒன்றைக் குறைத்துவிட்டு மற்றதற்கு மாறிவிடுவோம்.

தினமும் குடிப்பவர் என்றால் இரண்டையும் ஒரே சமயத்தில் வீட்டில் நிறுத்த முயலவே வேண்டாம், ஆஸ்பத்திரியில் சேர்ந்துதான் செய்ய வேண்டும். இன்னொரு கூட்டமும் உண்டு. குடியை நிறுத்த வைத்தியம் பார்த்தபோது நடுக்கத்துக்காகச் சில நாளைக்கு மட்டும் கொடுத்த குளோர்டயசெபாக்சைடையோ லோராசெபத்தையோ பழைய சீட்டைக் காட்டித் தொடர்ந்துகொண்டிருப்பவர்கள். குடி நின்று வருடமாகியிருக்கும், மாத்திரை நிற்காது. அவர்களும் குறைக்கலாம், இதே முறையில்.

அம்மாவுக்கு 70 தாண்டிவிட்டது. இனிமேல் எதற்குத் தொந்தரவு செய்வது?

வயதானவர்களுக்குத்தான் குறைப்பதால் லாபம் அதிகம். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து தடுமாறி விழுவது, இடுப்பெலும்பு முறிவது, பகலில் மந்தம், மறதி. இவற்றையெல்லாம் "வயசாயிடுச்சு" என்று நாம் தள்ளிவிடுகிறோம். மாத்திரையின் பங்கு எவ்வளவு என்று குறைத்துப் பார்த்தால்தான் தெரியும். அவர்களுக்கு வேகம் இன்னும் குறைவாக இருக்கட்டும். மாத்திரை டப்பா ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும். மகன் ஒன்று கொடுத்து, மருமகள் தெரியாமல் இன்னொன்று கொடுப்பது எங்கும் நடக்கிறது.

யாரெல்லாம் வீட்டிலிருந்து முயலக்கூடாது?

எப்போதாவது வலிப்பு வந்தவர்கள், முன்பு நிறுத்தும்போது மனம் குழம்பியவர்கள், அதிக அளவில் எடுப்பவர்கள், தற்கொலை எண்ணம் உள்ளவர்கள். வலிப்பு நோய்க்கே குளோபாசமோ குளோனசெபமோ எடுப்பவர்களுக்கு இந்தப் பக்கத்தில் உள்ள எதுவும் பொருந்தாது, நரம்பியல் டாக்டர் சொல்வதை மட்டும் கேளுங்கள். கர்ப்பம் தெரிந்த பயத்தில் அன்றே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நிறுத்தாமல், உடனே டாக்டரிடம் போங்கள்.

எங்கே போவது? மனநல டாக்டரிடம் போனால் நாலு பேர் பேசுவார்களே?

பேசட்டும். புதுச்சேரியில் கோரிமேட்டு ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. மத்திய அரசு விடுமுறை நாட்களில் அங்கே வெளிநோயாளிப் பிரிவு இயங்காது. தமிழ்நாட்டுக் காலண்டரை மட்டும் பார்த்துவிட்டுப் போய்ப் பூட்டிய கவுண்டரைப் பார்த்துத் திரும்பாதீர்கள். கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது, மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழும் டாக்டரைப் பார்க்கலாம். முதலில் பேசிப் பார்க்க வேண்டும் என்றால் 14416, டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனைத் தொலைபேசி. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். போகும்போது இப்போது எடுக்கும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், பழைய சீட்டுகளையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப்போங்கள். "வெள்ளைக் கலர் சின்ன மாத்திரை" என்று சொன்னால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

சீட்டு இல்லாமல் கொடுத்தால் என்ன? தெரிந்த கடைதானே?

தெரிந்தவர் என்பதால்தான் கொடுப்பதில்லை. அல்பிரசோலம், டயசெபம், குளோர்டயசெபாக்சைடு, நைட்ராசெபம், சோல்பிடெம் ஆகியவை எச்1 பட்டியலில், அதாவது சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்துகளின் பட்டியலில் இருக்கின்றன. 2014 மார்ச்சிலிருந்து இவற்றுக்குத் தனிப் பதிவேடு வைத்து டாக்டர் பெயர், உங்கள் பெயர், கொடுத்த எண்ணிக்கை எல்லாம் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். மாத்திரை தீர்ந்த அன்று ராத்திரி ஒன்பது மணிக்குச் சீட்டில்லாமல் ஓடி வருவதுதான் ஆபத்து. ஒரு வாரத்துக்கான மாத்திரை கையில் இருக்கும்போதே அடுத்த சீட்டுக்குப் போய்விடுங்கள்.

மழைக்காலத்தில்?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை கையில் கூடுதலாக இரண்டு வாரத்துக்கு மாத்திரை இருக்கும்படி டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதற்கடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரில் பல பகுதிகளைச் சூழ்ந்தது. மின்சாரம் இல்லை, கடை திறக்கவில்லை, பஸ் இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் மாத்திரை தீர்ந்துபோவதும் திடீர் நிறுத்தம்தான். மாத்திரை, சீட்டு, நோட்டு மூன்றையும் தண்ணீர் புகாத கவரில் வையுங்கள். புயல் எச்சரிக்கை இருக்கும் வாரத்தில் அளவைக் குறைக்க வேண்டாம். மகள் கல்யாணம், வீட்டில் துக்கம் போன்ற சமயங்களுக்கும் இதே பதில்தான்.

அமுக்கரா சூரணம், வேறு மருந்துகள்?

அமுக்கரா தூக்கக் கலக்கத்தைக் கூட்டலாம், கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. டாக்டரிடம் சொல்லாமல் சேர்க்க வேண்டாம். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான கார்பமசெபினும் அல்பிரசோலத்தை உடம்பிலிருந்து வேகமாக விரட்டிவிடும், நீங்கள் குறைக்காமலே அளவு குறைந்துவிடும். கிளாரித்ரோமைசின், கீட்டோகோனசோல் நேர்மாறாக அளவை ஏற்றும். புது மருந்து எழுதுகிற எந்த டாக்டரிடமும் இந்த மாத்திரையைச் சொல்லுங்கள்.

முழுசாக நிறுத்த முடியாவிட்டால்?

1 மி.கி.யில் இருந்தவர் 0.25-ல் நின்றாலும் விழும் ஆபத்தும் மந்தமும் குறைகின்றன. அங்கேயே சில மாதம் நின்றுவிட்டுப் பிறகு பார்க்கலாம். ஆனால் மாத்திரை போகிற இடத்தில் வேறு ஏதாவது வர வேண்டும். முதலில் எதற்காக இதைத் தொடங்கினீர்களோ அந்தப் பதற்றத்துக்கு உளவியல் ஆலோசனையோ, பழக்கமாகாத வேறு மருந்தோ இல்லாமல் வெறுமனே கழித்துக்கொண்டே போனால் எந்த அளவிலும் நிற்காது.

நிறுத்திவிட்டேன். மீதி ஒரு அட்டை இருக்கிறது. ஆத்திர அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். சில மாதம் எடுக்காமல் இருந்தால் உடம்பு பழைய அளவைத் தாங்காது. என்றைக்கோ தூக்கம் வராத இரவில் பழைய கணக்கில் இரண்டு மாத்திரையை, அதுவும் குடித்திருக்கும்போது போட்டால் விபரீதம். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுப்பதும் கூடாது. அவருடைய உடம்பு, அவருடைய மற்ற மாத்திரைகள் பற்றி உங்களுக்குத் தெரியாது. எப்படி அப்புறப்படுத்துவது என்று வாங்கிய கடையில் கேளுங்கள். அதுவரை குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.